பூங்காவில் கூடாரங்கள்: கிளப்புவதா, விடுவதா?

கேள்வி (2024 நவம்பர் 5)

எங்கள் பக்கத்துப் பூங்காவில் கோடையில் இரண்டு கூடாரம் இருந்தது. இப்போது பதினொன்று. பிள்ளைகளை ஊஞ்சலுக்குக் கூட்டிப்போக மனைவி பயப்படுகிறாள். அடுத்த கிழமை கவுன்சிலர் கூட்டம் வைக்கிறார். நாங்களும் அகதியாக வந்தவர்கள்தான். ஒருவரும் பூங்காவில் படுக்கவில்லை, இரண்டு வேலை செய்து எழும்பினோம். நகரம் இவர்களைக் கிளப்ப வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. பிழை இருந்தால் சொல்லுங்கள்.

நவம்பர் 5, இரவு

நானும் ரொறன்ரோவில் ஸ்கார்பரோதான். அதே பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன்.

உங்கள் மனைவியின் பயத்தில் பிழையில்லை. மற்றதில் இருக்கிறது. நாங்கள் பூங்காவில் படுக்காததற்கு உழைப்பு மட்டும் காரணமில்லை. 80களிலும் 90களிலும் வந்தவர்களுக்கு ரொறன்ரோவின் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் ஒரு அறையில் ஆறேழு பேர் படுக்க இடம் கிடைத்தது. விமான நிலையத்துக்கு ஊர்க்காரன் ஒருவன் வந்து நின்றான். முதல் மாத வாடகையை மச்சானோ சித்தப்பாவோ கட்டினார். என் மாமா முதல் குளிர்காலம் முழுக்க ஒரு குசினி நிலத்தில் படுத்தவர். நிலம்தான், ஆனால் மேலே கூரை, பக்கத்தில் ஹீட்டர், காலையில் யாரோ ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி. இதெல்லாம் இல்லாமல் வந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று அவரிடமே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்லவில்லை.

நவம்பர் 6

கிளப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு நாட்டுக்குப் போகத் தேவையில்லை. 2021 ஜூன், ஜூலையில் இதே ரொறன்ரோவில் டிரினிட்டி பெல்வூட்ஸ், அலெக்சாண்ட்ரா பூங்கா, லாம்போர்ட் மைதானம் மூன்றையும் பொலிஸும் தனியார் காவலரும் சேர்ந்து வெறுமையாக்கினார்கள். செலவு ஏறத்தாழ 20 லட்சம் டொலர். வேலி, காவல், புல்லைத் திருப்பிப் போட்டது எல்லாம் அதற்குள் அடக்கம். பிறகு நகரத்தின் சொந்த குறைகேள் அதிகாரியே 2023இல் அறிக்கை எழுதி, இவ்வளவு அவசரம் தேவையில்லாதது, அந்த மனிதர்களை நியாயமாக நடத்தவில்லை என்று சொன்னார்.

அந்தக் காசை வாடகையாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 2,000 டொலர் என்றாலும் 80 பேருக்கு ஒரு வருடம் கட்டலாம்.

நவம்பர் 7

ஒரு சின்ன விஷயம். இந்த இணைய இழையில் பதில் எழுதுகிற சிலர் இந்தக் கூடாரங்களை "முகாம்" என்று எழுதுகிறீர்கள். அகராதிப்படி சரிதான். ஆனால் எங்கள் சனத்துக்கு முகாம் என்றால் இரண்டே இரண்டுதான்: ஆமி முகாம், அகதி முகாம். ஒன்றுக்குள் அடைத்தார்கள், மற்றதற்குள் தங்கினோம். பூங்காவில் இருப்பது இரண்டுமில்லை. யாரும் அடைக்கவில்லை, யாரும் பதிவு செய்து அரிசி கொடுக்கவுமில்லை. நான் "கூடாரங்கள்" என்றே எழுதப் போகிறேன்.

நவம்பர் 13, கூட்டம் முடிந்து

நூலகத்தின் கீழ்த்தளம் நிறைந்துவிட்டது. தமிழ் ஆக்கள் இருபது பேராவது இருந்தோம். பூங்காவில் போதை ஊசி கிடந்த படத்தை ஒரு தாய் கைபேசியில் காட்டினார். அவர் குரல் நடுங்கியது. அதை நான் லேசாக எடுக்கவில்லை. அந்த ஊசியை நாளைக்கே எடுக்க ஆள் வேண்டும், பூங்காவில் ஒரு ஊசிப்பெட்டி வேண்டும், ஊஞ்சல் பக்கம் கூடாரம் வரக்கூடாது. இந்த மூன்றையும் யாரையும் கிளப்பாமலே செய்யலாம். எழுந்து அதைத்தான் சொன்னேன். ஒருவர் கை தட்டினார், மூன்று பேர் முறைத்தார்கள்.

கிளப்பச் சொன்ன எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: எங்கே போவார்கள்? "தங்குமிடத்துக்கு" என்றார்கள். ரொறன்ரோ தங்குமிடங்களில் இப்போது ஒரு இரவில் 9,000 பேருக்கு மேல் படுக்கிறார்கள். அது நிறைந்துதான் மிச்சப் பேர் வெளியே நிற்கிறார்கள். போன வருடக் கோடையில் பீட்டர் வீதி நடைபாதையில் ஆபிரிக்காவிலிருந்து வந்த அகதிகள் நாட்கணக்கில் படுத்துக் கிடந்ததை மறந்துவிட்டோமா? அவர்களைக் கடைசியில் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தது கறுப்பினத் தேவாலயங்கள்.

நவம்பர் 24

ஒரு வாசகர் கேட்டார்: "தூரத்திலிருந்து எழுதுகிறீர்கள், ஒருக்கால் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா?" நியாயமான கேள்வி. போகவில்லை. இன்று போனேன்.

வேலியோரம் மூன்றாவது கூடாரம். உள்ளே இருப்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். முதலில் நகரசபை ஆள் என்று நினைத்து எழும்பி நின்றார். இல்லை, இந்தத் தெருக்காரன் என்றதும் உட்கார்ந்தார். கூடாரத்துக்கு அடியில் இரண்டு ஸ்கிட் போட்டிருந்தார், நாங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் அதே மரத்தட்டு. நிலத்தின் ஈரம் ஏறாமல் இருக்க. மேலே நீலத் தறப்பாள். நான்கு மூலையிலும் கயிறு. கயிற்றுக்குக் கீழே கல் வைத்து அதற்கு மேல் இன்னொரு முடிச்சு, காற்றில் ஓட்டை கிழியாமல் இருக்க. சுற்றிவர ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் வெட்டி, அதன் வாயைச் சரிவுப் பக்கம் திறந்து விட்டிருந்தார்.

அந்த வாய்க்காலைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் துரத்த, யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழும்பி நடந்தது. எனக்கு 11 வயது. மழை. நாவற்குழிப் பாலம் தாண்ட விடிந்துவிட்டது. குடையைத் தலைகீழாகப் பிடித்து அம்மா எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் சேர்த்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் அப்பா தறப்பாள் கட்டினார். மண்வெட்டி இல்லை, சிரட்டையால்தான் சுற்றிவர வாய்க்கால் வெட்டினார். வாயைச் சரிவுப் பக்கம் வைத்தார். நான்கு மாதம் அதற்குள் இருந்தோம். வளவுக்காரர் ஒருநாளும் "எப்ப எழும்புவீங்கள்?" என்று கேட்டதில்லை.

இந்த மனிதர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் 11 வருடம் வேலை செய்தவர். முதுகு போனது. வேலை போனது. இருந்த வீட்டை உரிமையாளர் தன் பிள்ளைக்கு வேண்டும் என்று என்12 என்ற வெளியேற்ற அறிவித்தலைக் கொடுத்து எழுப்பினார். நட்டஈடாக ஒரு மாத வாடகை கிடைத்தது. அவ்வளவும் பக்கத்துக் கூடாரத்துப் பெண் குறுக்கிட்டுச் சொன்னது. அவர் தன்னைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. என் சப்பாத்தைப் பார்த்து, "இதோடு பனியில் நிற்காதே" என்றார்.

நவம்பர் 25

நேற்று எழுதியதைத் திருப்பி வாசித்தேன். ஒன்று உறுத்துகிறது. அவர் உழைத்தவர் என்பதை நான் அழுத்திச் சொன்னது, உழைத்ததால்தான் அவர் இரக்கத்துக்கு உரியவர் என்று நினைக்க வைக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறாவது கூடாரத்தில் ஒரு பெடியன், இருபது இருபத்திரண்டு வயது. கண் சொருகி இருந்தான், என்னோடு கதைக்கவில்லை. அவனுக்கும் பனி அதே பனிதான்.

டிசம்பர் 8

"அரசாங்கம் காசு கொடுக்கிறதுதானே, அறை எடுக்கட்டும்." இது இந்த இழையில் நாலாவது தடவை வருகிறது. சரி, கணக்கைப் பார்ப்போம். மாகாண உதவிப்பணமான ஒன்ராறியோ வேர்க்ஸில் தனியாள் ஒருவருக்கு மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கு 390, மிச்சத்துக்கு 343. 2018இலிருந்து அந்தத் தொகை அசையவில்லை. ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் அறை என்ன விலை என்று இதை வாசிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், ஏனென்றால் அந்த விலையைச் சொல்கிறவர்களே நாங்கள்தான். 390க்கு என்ன தருவீர்கள்? கார் நிறுத்த இடம் தருவீர்களா?

டிசம்பர் 9

கடைசி வரி கோபத்தில் வந்தது. மன்னிக்கவும். கணக்கு சரி, தொனி பிழை.

சட்டத்தைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: 2022இல் ஒன்ராறியோவின் வாட்டர்லூ பிராந்தியம் கிச்சனரில் விக்டோரியா வீதி 100ஆம் இலக்கக் காணியில் இருந்த ஐம்பது பேரளவை எழுப்ப நீதிமன்றம் போனது. இவர்களுக்குப் போதுமான படுக்கை இல்லாதவரை எழுப்ப முடியாது, எழுப்பினால் கனடாவின் உரிமைப் பட்டயத்தில் உயிருக்கும் பாதுகாப்புக்குமான 7ஆம் பிரிவு மீறப்படும் என்று 2023 ஜனவரியில் நீதிபதி சொல்லிவிட்டார். அதற்கு முன்னோடி பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். விக்டோரியா நகரில் 2008இலேயே, படுக்கை பற்றாத நகரத்தில் இரவில் ஒருவர் தன் தலைக்கு மேல் மறைப்புக் கட்டுவதைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அபட்ஸ்ஃபோர்டில் நடந்தது இன்னும் மோசம். 2013இல் நகரசபை ஊழியர்கள் ஆட்கள் படுக்கிற இடத்தில் கோழி எருவைக் கொட்டினார்கள். மேயர் மன்னிப்புக் கேட்டார். 2015இல் நீதிமன்றம் நகரத்தின் விதிகளைத் தள்ளியது.

ஆகவே படுக்கை இல்லாமல் கிளப்பச் சட்டம் விடாது.

2025 ஜனவரி 8

மேலே எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். ஒரு தம்பி சுட்டிக்காட்டினார், நன்றி. டிசம்பரில் ஹாமில்ட்டன் வழக்கில் வேறு தீர்ப்பு வந்திருக்கிறது. வீடில்லாத 14 பேர் நகரத்தின் மீது போட்ட வழக்கு. அவர்களைப் பூங்காக்களிலிருந்து எழுப்பியது பட்டய உரிமையை மீறவில்லை என்று நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். கிச்சனருக்கு ஒரு தீர்ப்பு, ஒரு மணித்தியாலம் தள்ளி ஹாமில்ட்டனுக்கு வேறொன்று. "சட்டம் விடாது" என்று நான் அடித்துச் சொன்னது பிழை.

இன்னுமொன்று. ஒக்டோபர் கடைசியில் ஒன்ராறியோவின் பத்துக்கும் மேற்பட்ட மேயர்கள் உரிமைப் பட்டயத்தைத் தாண்டிப் போக இடம்தரும் 33ஆம் பிரிவைப் பாவிக்கச் சொல்லி முதல்வர் ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார்கள். டிசம்பரில் மாகாணம் சட்டமூலம் கொண்டுவந்திருக்கிறது. பொது இடத்தில் போதைப்பொருள் பாவித்தால் 10,000 டொலர் வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. மாதம் 733 வாங்குகிறவரிடம் 10,000.

சட்டத்தை நம்பி இருந்தால் சரிவராது. கூட்டத்தில் எழும்பி நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இனிமேல் கணக்கு.

ஜனவரி 19

இதை எழுதுவதா விடுவதா என்று பத்து நாள் யோசித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டோம். முதலில் பார்க்க வந்தவர் ஒரு பெண், நாற்பது வயது, தனியாள். வடிவாகக் கதைத்தார். குளியலறைக் குழாய் சொட்டுவதைக் கவனித்து, "வொஷர் மாற்றினால் போதும்" என்றார். வருமானம் என்ன என்று கேட்டேன். அரசாங்க உதவி என்றார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். யோசிக்கவில்லை. அன்று பின்னேரமே வேலை செய்கிற இரண்டு மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

உதவிப்பணம் வாங்குகிறார் என்பதற்காக வீடு மறுப்பது ஒன்ராறியோ மனித உரிமைக் கோவைப்படி சட்டவிரோதம். அது எனக்கு அப்போது தெரியாது, ஆனால் தெரிந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். எல்லாரும் செய்கிறார்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார்? எனக்குத் தெரியாது. வேலியோரம் நடக்கிறபோது ஒவ்வொரு கூடாரத்திலும் அவர் முகத்தைத் தேடுகிறேன்.

சாவகச்சேரி வளவுக்காரரைப் பற்றி உருகி எழுதினேன். நான் வளவுக்காரனாக இருந்த அன்று என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜனவரி 21

திட்டி எழுதியவர்களுக்கும் நன்றி. ஆறுதல் சொன்னவர்களிடம் ஒன்று: என்னை ஆற்ற வேண்டாம். உங்கள் பேஸ்மென்ட் காலியாகும்போது யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பெப்ரவரி 17

ஐந்து நாளில் இரண்டு பனிப்புயல். எங்கள் வாசலில் முழங்காலுக்கு மேல். நேற்று மாலை மண்வாரியோடு பூங்காவுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே கேள்வி கேட்ட அண்ணை அங்கே நிற்கிறார், ஆம், "கிளப்ப வேண்டும்" என்று இந்த இழையைத் தொடங்கிய அதே அண்ணை, தன் பனி வாரும் இயந்திரத்தோடு. ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டு பேரும் பாதை வெட்டினோம்.

ஏழாவது கூடாரம் பனியின் பாரத்தில் குந்திவிட்டது. நல்லகாலம், உள்ளே ஆள் இல்லை. மூன்றாவது கூடாரத்துக்காரர் வெதுப்பகத் தகரத்தட்டு ஒன்றால் தறப்பாளை உள்ளிருந்தே தட்டித் தட்டிப் பனியைச் சரித்துக்கொண்டிருந்தார். மணிக்கு ஒருதரம் தட்ட வேண்டுமாம். இரவிரவாக. வாசலில் சின்ன புரோப்பேன் அடுப்பு.

அந்த அடுப்பைப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை. 2021 பெப்ரவரியில் இதே ரொறன்ரோவின் கோர்க்டவுனில் குளிருக்காகக் கட்டிய மரப்பெட்டி வீடு ஒன்று எரிந்து ஒருவர் செத்தார். நவம்பரில் நான் "விட்டுவிடுங்கள்" என்ற தொனியில் எழுதியிருக்கிறேன். அதை இன்று மாற்றுகிறேன். கிளப்பாமல் விடுவது இரக்கம் இல்லை. தறப்பாளுக்குக் கீழே ஒருவரை இரண்டாவது குளிர்காலத்துக்கு விட்டுவிட்டு, நாங்கள் அவரை மதித்தோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூடாரங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கூடாரத்துக்கும் முதலில் ஒரு வீட்டின் கதவும் திறப்பும். பிறகுதான் கூடாரத்தைக் கழற்றுவது.

பெப்ரவரி 18

"கதவும் திறப்பும் கதைக்கு நல்லாயிருக்கும்" என்று ஒருவர். இதே நகரத்தில் நடந்தது ஐயா. டொன் ஆற்று முகத்தடியில் ஹோம் டிப்போ கடை நிறுவனத்தின் வெறுங்காணியில் 90களின் கடைசியிலிருந்து ஒரு கூடார நகரம் இருந்தது. 2002 செப்டம்பர் 24 அன்று காவலரைக் கொண்டு ஒரே நாளில் எழுப்பினார்கள். நூறு பேருக்கு மேல். ஆனால் அங்கே நடந்த மற்றது இதுதான்: சனம் எதிர்த்துக் கிளம்பியதால் அவர்களுக்கு வாடகை மானியம் கொடுத்தார்கள். சாதாரண அடுக்குமாடிகளில், சாதாரண வீட்டுக்காரரிடம். பிறகு போய்ப் பார்த்தபோது பெரும்பாலானவர்கள் அந்த வீடுகளிலேயே இருந்தார்கள்.

அதன் பிறகு 2009இலிருந்து 2013 வரை கனடா அரசே ஐந்து நகரங்களில், 2,000க்கு மேற்பட்டவர்களோடு, 11 கோடி டொலர் செலவில் சோதித்துப் பார்த்தது. மனநோய் உள்ளவர்கள்தான். பாதிப் பேருக்கு மேல் "முதலில் போதையை விடு" என்ற நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு. மற்றவர்களுக்கு வழமையான உதவி. கடைசி ஆறு மாதத்தைப் பார்த்தால், வீடு கொடுத்தவர்களில் 62 சதவீதம் முழு நேரமும் வீட்டில் இருந்தார்கள். மற்றவர்களில் 31. எல்லாருக்கும் சரிவரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு மடங்கு. பின்லாந்து 2008இலிருந்து இதையே நாட்டுக் கொள்கையாகச் செய்கிறது. ஆறாவது கூடாரத்துப் பெடியனுக்கு நான் கேட்பது இதைத்தான்.

மார்ச் 2

சிலர் கேட்ட இரண்டுக்குச் சுருக்கமாக. மாகாணத் தேர்தல் அறிவித்ததோடு டிசம்பர் சட்டமூலம் செத்துவிட்டது. ஆனால் 27ஆம் திகதி அதே கட்சி திரும்ப வென்றிருக்கிறது, ஆகவே அது திரும்ப வரும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது, அறை அறையாக வாடகைக்கு விடுவது ஸ்கார்பரோவில் முன்பு சட்டவிரோதம். போன வருடம் மார்ச் 31இலிருந்து உரிமம் எடுத்து ரொறன்ரோ முழுக்கச் செய்யலாம். ஒளித்து ஒளித்துச் செய்த காலத்தில் தீ எச்சரிக்கைக் கருவிகூட இல்லாமல் எங்கள் பெடியள் எத்தனை பேர் படுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

மார்ச் 16

கூடாரம் இப்போது ஏழு. நான்கு பேர் போய்விட்டார்கள். இருவருக்கு, வீடில்லாதவர்களைத் தேடிப்போய் உதவும் வீதிப் பணியாளர் மூலம் மானிய வீடு, ஒருவர் வைத்தியசாலையில். ஆறாவது கூடாரத்துப் பெடியன் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் கூடாரம் இருந்த இடத்தில் சதுரமாக மஞ்சள் புல்.

மூன்றாவது கூடாரத்துக்காரர் இன்னும் இருக்கிறார். பனி உருகுகிறது, வாய்க்கால் நிறைய ஓடுகிறது.

எங்கள் மாணவர்கள் ஏப்ரலோடு போகிறார்கள். பேஸ்மென்டைச் சட்டப்படி பதிவதற்கு ஒரு ஜன்னலைப் பெரிதாக வெட்ட வேண்டும், அவசரத்துக்கு ஆள் வெளியே வருமளவுக்கு. வெட்டுகிறவர் மே முதல் கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். வீதிப் பணியாளரிடம் விலாசம் கொடுத்திருக்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் சம்மதம் என்று சொல்ல முடியாது. அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இன்று காலை, அந்த மனிதருக்கு முதுகு சரியில்லை என்றாயே, படி இறங்குவாரா என்று கேட்டார்.

அடுத்த கூட்டம் 26ஆம் திகதி மாலை 7 மணி, அதே நூலகம். பனி வாரிய அண்ணையும் வருகிறார். இந்த முறை முன்வரிசையில் இருப்போம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் என் பக்கத்தில் உட்காருங்கள், நான் மொழிபெயர்க்கிறேன்.